சேவ் செய்தது எங்கே போனது?

கம்ப்யூட்டரில் ஏற்றிய விவரம் காணாமல் போனால் புதியவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். "சேவ் பட்டனைச் சரியாக அழுத்தியிருக்க மாட்டேன்" என்பார்கள். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான். பல சமயங்களில் தவறு உங்களுடையது அல்ல, புரோகிராமை எழுதியவருடையது.

ஒரு மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நோயாளியின் பக்கத்தை நர்ஸும் வரவேற்பில் இருப்பவரும் தங்கள் பிரவுசர்களில் திறக்கிறார்கள். நர்ஸ் 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று எழுதி சேவ் செய்கிறார். அடுத்த நிமிடம் வரவேற்பில் இருப்பவர் போன் நம்பரைத் திருத்தி சேவ் செய்கிறார். அவர் திரையில் இருப்பதோ பழைய பிரதி. புது நம்பரோடு, காலியாக இருந்த பழைய அலர்ஜி கட்டமும் சர்வருக்குப் போகிறது. நர்ஸ் எழுதியது அழிந்தது. இருவருக்கும் 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்றுதான் செய்தி வரும்!

ஒருவர் திறந்திருக்கும்போது மற்றவருக்குப் பூட்டிவிடலாமே என்பீர்கள். ஆபீஸ் நெட்வொர்க்கில் வேர்ட் ஃபைல்கள் அப்படித்தான் பூட்டிக்கொள்ளும். இணையப் பக்கத்துக்கு இது சரிப்படாது என்பது என் கருத்து. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர்கள் காத்துக்கிடக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் திறந்தபோது எண் 7. சேவ் செய்யும்போதும் 7 என்றால் ஏற்றுக்கொண்டு 8 ஆக்கலாம். அதற்குள் வேறொருவர் 8 ஆக்கியிருந்தால் சர்வர் மறுத்து, நடந்ததைச் சொல்ல வேண்டும். புதிய கண்டுபிடிப்பு இல்லை. குங், ராபின்சன் என்ற இருவர் 1981-லேயே இந்த அணுகுமுறையை விளக்கி ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். 1999-ல் வெளியான ஹெச்.டி.டி.பி. 1.1 விதிகளில் இப்படி மறுப்பதற்கென்றே 412 என்ற பதில் எண் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் இருவர் ஒரே வரியைத் திருத்தினால், பின்னால் சேவ் செய்பவருக்கு இரண்டு வடிவங்களையும் காட்டிவிடுகிறார்கள். புரோகிராமருக்கு இதில் கூடுதல் வேலை அதிகமில்லை. சோம்பல்தான்.

கடைக்கோ சங்கத்துக்கோ இணையவழி சாஃப்ட்வேர் வாங்குகிறீர்களா? டெமோவின்போதே சோதித்துவிடுங்கள். ஒரே பதிவை இரண்டு விண்டோக்களில் திறங்கள். ஒன்றில் பெயரையும் மற்றதில் முகவரியையும் மாற்றி, அடுத்தடுத்து சேவ் செய்யுங்கள். பிறகு பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்து பாருங்கள். முதலில் செய்த திருத்தம் சத்தமில்லாமல் மறைந்திருந்தால் விற்பவரிடம் காட்டுங்கள். "நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்காது சார்" என்பார். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.