அருஞ்சொல் விளக்கம்: ‘தௌ’

சென்ற வாரம் மாணவரொருவரின் மொழிபெயர்ப்புத் தாளைத் திருத்தினேன். ஷேக்ஸ்பியரின் ‘புயல்’ நாடகத்தில் புறொஸ்பெறோ தன் அடிமை கலிபனை வைகின்ற கட்டம் அது. அங்கு வரும் ‘தௌ’ யாவும் ‘தாங்கள்’ ஆகியிருந்தன! வசவிலே இத்துணைப் பணிவா?

பழஞ்சொல்லாதலின் மரியாதைச் சொல்லென மயங்கினார் போலும். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இறைவனை இச்சொல்லால் விளிப்பதும் இம்மயக்கத்தை வளர்ப்பதே. நம் தேவாரமும் இறைவனை ‘நீ’ என்கிறதன்றோ? ‘தௌ’ என்பதும் அந்த ‘நீ’யே. பன்மைக்கும் மரியாதைக்கும் அக்காலத்தில் நின்ற சொல் ‘யூ’.

நெருங்கியோரையும் கீழ்நிலையிலுள்ளோரையும் ‘தௌ’ என்பர். மேலோரை அவ்வாறு விளித்தல் இகழ்ச்சி. 1603இல் சேர் வால்டர் ராலி மீது நடந்த இராசத்துரோக வழக்கில், சட்டமா அதிபர் எட்வர்ட் கோக் அவரை இழிவுபடுத்தவென்றே இச்சொல்லை வீசினார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த குவேக்கர் சமயத்தாரோ, மாந்தர் யாவரும் சமமெனக் கொண்டு நீதவான்களையும் ‘தௌ’ என்றனர். அதனால் அடியும் பட்டனர்.

ஆகவே மாணவர்கள் இச்சொல்லைக் கண்டவிடத்து, யார் யாரிடம் பேசுகிறார் என்பதை முதலில் நோக்குக. காதலியிடமாயின் கனிவு, கலிபனிடமாயின் கடுமை.

அம்மாணவர்க்குப் பாதிப் புள்ளியே இட்டேன். கலிபன் திருத்தியிருந்தால் முழுப் புள்ளியும் வழங்கியிருப்பான்.