நுரையீரலைக் கழுவுவது எதற்காக?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நெஞ்சு முழுக்கச் சளி என்கிறீர்களே, அதைக் கழுவி எடுத்துவிட முடியாதா?" அக்காள்மடம், தங்கச்சிமடம், பாம்பன் பகுதிகளிலிருந்து வரும் மீனவக் குடும்பத்தினர், வள்ளத்தில் புகுந்த நீரை இறைப்பதுபோல இதனை எண்ணிக்கொள்கின்றனர். இயல்பான எண்ணமே. ஆயினும் நிமோனியா அவ்வாறு இறைத்து நீக்கத்தக்க நோய் அன்று.

நுரையீரல் கடற்பஞ்சு போன்றது. கடும் நிமோனியாவில் அதன் கோடிக்கணக்கான காற்றறைகளில் சீழும் நீரும் நிறைகின்றன. அறைச் சுவர்களும் வீங்கிவிடுகின்றன. உள்ளே ஊற்றும் நீர் அந்த வீக்கத்தைக் கரைப்பதில்லை. தகுந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் உடலின் எதிர்ப்பாற்றலும் சேர்ந்து, நாட்கணக்கில்தான் அதை வடியச் செய்கின்றன.

அவ்வாறெனில் நாங்கள் ஏன் கழுவுகிறோம்? பெரும்பாலும் கிருமியைக் கண்டறிவதற்காக. பிராங்கோஸ்கோப் என்னும் மெல்லிய குழாயை நுரையீரலின் ஒரு கிளைவரை செலுத்தி, 100 முதல் 200 மில்லிலிட்டர் உப்புநீரைச் சிறிது சிறிதாக விட்டு, திரும்ப உறிஞ்சி எடுக்கிறோம். உட்சென்றது முழுவதும் திரும்புவதில்லை. எஞ்சியதை நுரையீரலே உறிஞ்சிக்கொள்ளும். அந்நேரத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கக்கூடும். பின்னர் காய்ச்சல் வரலாம். ஒப்புதல் படிவத்தில் உங்கள் கையொப்பத்தைக் கேட்பது இதனாலேயே.

எல்லா நோயாளிக்கும் இது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. கனடாவிலும் அமெரிக்காவிலும் 28 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வென்டிலேட்டரில் இருந்த 740 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2006இல் வெளிவந்தது. கழுவி எடுத்த நீரைச் சோதித்தவர்களிலும், செயற்கைச் சுவாசக் குழாய் வழியே எளிதாக உறிஞ்சிய சளியைச் சோதித்தவர்களிலும் 28 நாட்களுக்குள் இறந்தோர் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. புற்றுநோய் மருந்தோ நீண்டநாள் ஸ்டீராய்டோ பெறுபவர், காசநோய் ஐயம் உள்ளவர், மருந்து கொடுத்தும் தேறாதவர் ஆகியோருக்கு நாங்கள் தயங்காமல் கழுவல் எடுக்கிறோம். கெட்டியான சளி ஒரு பெரிய கிளையை அடைத்திருந்தால் அதையும் அகற்றுகிறோம். அடைப்பு நீங்கியதும் நல்ல பலன் தெரிவது உண்டு.

லிட்டர் கணக்கில் நீர்விட்டு ஒரு நுரையீரலையே அலசும் முறையும் இருக்கிறது. அது காற்றறைகளில் புரதக் கொழுப்பு படியும் ஓர் அரிய நோய்க்குரியது, நிமோனியாவுக்கானது அன்று. எவரோ சொன்ன இதனை நம்பி, நகைகளை அடகு வைத்து, வென்டிலேட்டரில் இருப்பவரை ஆம்புலன்சில் ஏற்ற முற்படும் குடும்பங்களைக் காண்கையில் எங்களுக்கு வருத்தமே மிகுகிறது. நம் கடற்கரையிலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான பயணம். நிலையற்ற நோயாளிக்கு வழியிலேயே ஆபத்து நேரலாம். இங்கு இயலாத வேறு சிகிச்சை தேவைப்பட்டால் நாங்களே முன்வந்து சொல்லுவோம்.

உங்களால் ஆகக்கூடிய உதவி ஒன்று உண்டு. இங்கு வருமுன் மருந்துக்கடையிலோ வேறு மருத்துவரிடமோ பெற்ற மாத்திரை அட்டைகளையும் ஊசிச் சீட்டுகளையும் முதல் நாளே கொண்டுவந்து கொடுங்கள். முன்னர் உட்கொண்ட நுண்ணுயிர்க்கொல்லி, கழுவல் நீரில் கிருமி வளரவிடாமல் மறைத்துவிடும். எந்த மருந்து எத்தனை நாள் உட்சென்றது என்று தெரிந்தால், "கிருமி இல்லை" என வரும் அறிக்கையை எவ்வளவு நம்பலாம் என்பதை எங்களால் கணிக்க முடியும்.