படம் முடிஞ்ச இடத்திலே...

வெளிநாடு போறதைப் பத்தி எங்க குருசுக்குப்பத்துக்கு யாரும் கிளாஸ் எடுக்கத் தேவையில்லை. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, சைகோன் வரைக்கும் போயிட்டு, பென்ஷனோட திரும்பின 'சொல்தா'க்களைப் பார்த்த ஊர் புதுச்சேரி. இங்கே ஒரு பையன் பாஸ்போர்ட்னு வாயைத் திறந்தா ரெண்டு கேள்வி நிச்சயம். "எப்பப் போறே?" "எவ்ளோ சம்பளம்?" போன இடத்தில் அவன் காலையில் எழுந்து என்னதான் செய்யறான் என்பது மூணாவது கேள்வி. அதை மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டாங்க.

அந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் உத்தரப்பிரதேசத்திலிருந்து ரெண்டு பையன்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன். பேரு ரிங்கு சிங், தினேஷ் படேல். காசிப் பக்கத்து கிராமங்கள். ரெண்டு பேரும் ஈட்டி எறிகிற ஆட்கள். ரிங்குவின் அப்பா லாரி டிரைவர், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். ரேஷன் கார்டில் இடம் போதுமான்னு கேட்காதீங்க.

2008-ல் ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஏஜென்ட் இந்தியாவுக்கு வந்தார். நூறு கோடி ஜனத்தில் வேகமாப் பந்து எறியற கை ஒண்ணாவது இருக்காதா என்பது அவர் கணக்கு. 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு போட்டி வெச்சார். முப்பதாயிரம் பேருக்கு மேல் எறிஞ்சாங்க. ஜெயிச்சவர் ரிங்கு. வேகம் மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர். அந்த மில்லியன்? அது போட்டியின் பேரோட சரி! அதுக்கு இன்னும் வேகமா எறியணும்னு கண்டிஷன்.

பேஸ்பாலில் பந்து எறியறவருக்குப் 'பிட்சர்'னு பேர். கிரிக்கெட் மாதிரி அரை மைதானம் ஓடி வர முடியாது. நின்ன இடத்திலிருந்து காலைத் தூக்கி 60 அடி 6 அங்குலத்துக்கு எறியணும், பந்து தரையில் குத்தக் கூடாது. முழங்கையை இஷ்டத்துக்கு மடக்கலாம். 1995 மெல்போர்ன் டெஸ்டில் நம்ம முத்தையா முரளிதரனை அம்பயர் டேரல் ஹேர் 'நோ-பால், நோ-பால்'னு வறுத்தெடுத்தாரே... அங்கே குற்றச்சாட்டு, இங்கே குவாலிஃபிகேஷன்!

ரெண்டு பையன்களும் அதுக்கு முன்னாடி பேஸ்பாலைக் கையில் தொட்டதே இல்லை. அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற கோச்சிடம் பயிற்சி. ஒரு பக்கம் பந்து, ஒரு பக்கம் இங்கிலீஷ். சில மாசத்திலேயே, 2008 நவம்பரில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ரெண்டு பேரையும் ஒப்பந்தம் பண்ணிக்கிட்டது. இந்தியாவிலிருந்து அந்த விளையாட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ரெண்டு பேர் இவங்கதான்.

2014-ல் டிஸ்னி கம்பெனி இந்தக் கதையைப் படமா எடுத்தது. இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். படம் அந்தக் கையெழுத்தோடு முடியுது. தியேட்டரில் லைட் போட்டுட்டான், எழுந்து வேட்டியை உதறிக்கிட்டு வந்துட்டோம்.

நான் பி.காம். பேரேட்டில் முதல் வரியோடு மூடிவைக்கச் சொன்னா எனக்குத் தூக்கம் வராது. மேலே புரட்டிப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஒப்பந்தம் ஆன மறுநாளே டி.வி.யில் தெரிய முடியாது. கீழே ரூக்கி லீக், அப்புறம் 'ஏ', 'டபுள் ஏ', 'டிரிபிள் ஏ'ன்னு படிக்கட்டு. எல்லாத்துக்கும் மேலேதான் மேஜர் லீக். அடிப்படிக்கட்டில் அந்த நாளில் சம்பளம் மாசத்துக்கு ஆயிரம் டாலர் சொச்சம், அதுவும் சீசன் நடக்கிற மாசங்களுக்கு மட்டும். நம்ம ஆபீஸில் டெம்பரவரி கிளார்க் கதைதான். பஸ்ஸில் ராத்திரிப் பயணம், மறுநாள் ஆட்டம், எப்ப வேணும்னாலும் 'நீ கிளம்பலாம்'.

2009 ஜூலையில் ரிங்கு ஒரு ஆட்டத்தில் ஜெயிச்சார். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் இந்தியர் ஒருத்தர் பேரில் எழுதப்பட்ட முதல் வெற்றி அது. ஆனாலும் அந்த வருஷம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா 5.84 ரன் கொடுத்திருந்தார். அது கைக்கு மீறின செலவு. அடுத்த வருஷம் அதை மூணுக்குக் கீழே கொண்டுவந்தார். பந்தைத் தொட்டு ரெண்டே வருஷம் ஆன ஆள்!

2010 டிசம்பரில் தினேஷை அணி விடுவிச்சது. ஒண்ணா விமானம் ஏறினவங்களில் ஒருத்தர் ஊர் திரும்பினார், இன்னொருத்தர் தனியா அங்கேயே நின்னார். 2011-ல் ரிங்கு 'ஏ' படிக்கட்டில் மேற்கு வர்ஜீனியா அணிக்கு ஆடினார். அதுக்கப்புறம் முழங்கை மக்கர் பண்ண ஆரம்பிச்சது. 2013-ல் 'டாமி ஜான்' ஆபரேஷன். உடம்பில் வேறு இடத்திலிருந்து தசைநாரை எடுத்து முழங்கையில் வைத்துக் கட்டுவார்கள். திரும்ப எறிய ஒரு வருஷத்துக்கு மேலே ஆகும். ஊரே தியேட்டரில் அவர் கையைப் பார்த்துக் கைதட்டினப்போ, நிஜக் கை தேறிக்கிட்டிருந்தது.

மேஜர் லீக் கடைசிவரைக்கும் எட்டலை. 2018-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தில் சேர்ந்து, 'வீர் மகான்'னு பேரை மாத்திக்கிட்டு மேடை ஏறினார். அது வேறு கணக்கு.

"அப்போ பேஸ்பாலில் நஷ்டம்தானே?"ன்னு நீங்க கேட்பீங்க. லெட்ஜரை நல்லாப் பாருங்க சார். கணக்கியலில் 'ஒர்க்-இன்-புராக்ரஸ்'னு ஒண்ணு உண்டு. பாதி தச்ச சட்டை, பாதி கட்டின வீடு. விலைக்குப் போகலைன்னாலும் அதைச் சொத்துப் பக்கத்தில்தான் எழுதுவோம். ஆயிரம் டாலர் சம்பளத்தில், பாஷை தெரியாத ஊரில், 5.84-ஐ மூணுக்குக் கீழே இறக்கின உழைப்பை எந்தப் பக்கம் எழுதுவீங்க?

துபாயிலிருந்தோ பாரீஸிலிருந்தோ நம்ம தெருப் பையன் ஒருத்தன் பெட்டியோட திரும்பி வந்தா, "எவ்ளோ கொண்டுவந்தே?"ன்னு ஆரம்பிக்காதீங்க. "அங்கே என்னப்பா வேலை செஞ்சே?"ன்னு கேட்டுட்டு, ஒரு டீ சொல்லுங்க. ரெண்டு டீ சொன்னாலும் தப்பில்லை, நிறைய சொல்ல வெச்சிருப்பான்.