கவலையும் விசுவாசமும்

மாந்தர் உள்ளத்தை வாட்டும் துன்பங்களுள் கவலையைப் போல் ஓசையின்றி உட்புகுவது பிறிதொன்றில்லை. நோயை உடல் காட்டிக்கொடுக்கும். வறுமையை வீடு காட்டிக்கொடுக்கும். கவலையோ சிரித்த முகத்தின் பின்னே மறைந்திருந்து உறக்கத்தையும் ஊக்கத்தையும் சிறிது சிறிதாக அரித்துவிடும். மாணவராகிய நமக்கு இஃது அயலான பொருளன்று. நெருங்கி வரும் தேர்வும், தேறாது நின்ற தாள்களும், கல்விக் கடனும், நம்மைப் படிக்க வைக்கப் பாடுபடும் பெற்றோரின் எதிர்பார்ப்பும், பட்டம் பெற்றபின் வேலை கிடைக்குமோ என்னும் ஐயமும் விடுதியில் விளக்கணைந்த பின்னரும் நம்மோடு விழித்திருக்கின்றன. ஆதலின் கிறிஸ்தவ விசுவாசம் இக்கவலைக்கு யாது மாற்றுத் தருகின்றது என்று ஆராய்தல் நமக்குக் கடனாகும்.

இப்பொருள் பற்றி நம்மிடையே இருவகைக் கூற்று வழங்குகின்றது. விசுவாசிக்குக் கவலை வருதலாகாது, வருமாயின் அவனுடைய விசுவாசம் குறைவுள்ளது என்பர் ஒரு சாரார். கடவுளை நம்பிக் கவலையொழிதல் என்பது முயற்சியைக் கைவிடுதற்குக் கூறும் சாக்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பிழை என்பதே நம் கருத்து. முன்னது துன்புறுவோனை ஊமையாக்குகின்றது. பின்னது விசுவாசத்தைச் சோம்பலோடு ஒன்றாக எண்ணி மயங்குகின்றது.

கவலை என்னும் சொல்லையே முதற்கண் நோக்குவோம். பழந்தமிழில் இச்சொல்லுக்குக் கவர்த்த வழி, அஃதாவது ஒன்று பலவாய்ப் பிரியும் நெறி, என்னும் பொருளும் உண்டு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கவலையைக் குறிக்கும் 'மெரிம்னா' என்னும் சொல்லையும் பகுத்தல் என்னும் பொருளுடைய வினையோடு இயைத்துக் கூறுவார் உளர். மனம் ஒன்றாய் நில்லாது, நேற்றைக்கு ஒரு கூறும், நாளைக்கு ஒரு கூறும், பிறர் என் சொல்வாரோ என்பதற்கு ஒரு கூறுமாய்ப் பிளவுபடுதலே கவலை என்றால் அது மிகையாகாது. திருவள்ளுவரும் தம் நூலின் முதல் அதிகாரத்திலேயே மனக்கவலையைக் குறிப்பிட்டு, அதற்கு மாற்று இறைவனடி சேர்தலே என்று முடிவு கட்டினார். பிளவுண்ட மனம் மீண்டும் ஒருமையுறுதற்குத் தன்னினும் பெரியதொன்றைப் பற்றவேண்டும் என்பது சமயப் பெரியோர் பலர்க்கும் ஒத்த கருத்தாம்.

இதனை விளக்க ஜான் பனியன் என்பாரின் வாழ்வு சாலச் சிறந்த சான்றாகும். இவர் 1628-இல் இங்கிலாந்து தேசத்தில் பெட்போர்டு நகருக்கு அருகே பிறந்தார்; ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலினர். தமக்கு மன்னிப்பே இல்லையோ என்னும் பேரச்சம் இளமையில் இவரை நெடுங்காலம் அலைக்கழித்தது என்பதை 1666-இல் வெளியான தம் வரலாற்று நூலில் இவரே ஒளியாது எழுதியுள்ளார். அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்னும் குற்றத்திற்காக 1660-இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறைவாசியாயிருந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்திருப்பாராயின் விடுதலை பெற்றிருக்கலாம்; அதற்கு அவர் இசைந்திலர். ஆயினும் அவர் உள்ளம் கல்லாய்விடவில்லை. கண்பார்வையற்ற தம் மகளை நினைந்து சிறையில் அவர் பட்ட வேதனையை அந்நூலில் படிப்போர் உருகாதிரார். காலணிக் கயிறுகளைத் தம் கையால் முடைந்து விற்று, சிறையிலிருந்தவாறே குடும்பத்தைக் காத்தார். விசுவாசமும், வேதனையும், உழைப்பும் ஒரே நெஞ்சில் ஒருங்கே குடியிருந்தமையை ஈண்டுக் காண்கின்றோம்.

அவர் 1678-இல் வெளியிட்ட நூலே நாம் 'மோட்சப் பிரயாணம்' என்று வழங்குவது. அதன் பயணி முதுகிற் சுமையோடு புறப்படுகின்றான்; சிலுவையண்டை வந்ததும் சுமை தானே கழன்று வீழ்கின்றது. மேற்போக்காகப் படிப்போர் கதை அவ்விடத்தில் முடிந்ததென்றே எண்ணுவர். ஆனால் சுமை நீங்கியபின் நெடுந்தூரம் நடந்த பிறகே அப்பயணி சந்தேகக் கோட்டையில் அகப்படுகின்றான். வழி கரடுமுரடாய்க் காலை வருத்தவே, அவனும் அவன் தோழனும் பக்கத்திலிருந்த புல்வெளிப் பாதையில் இறங்கினர். அங்ஙனம் வழி கவர்த்ததே கேடாயிற்று. நம்பிக்கையிழப்பு என்னும் பெயருடைய அரக்கன் அவர்களை இருட்டறையில் அடைத்து, புதன்கிழமை முதல் சனி இரவுவரை உணவும் நீருமின்றி வருத்தினான். உயிரைப் போக்கிக்கொள்ளுமாறும் தூண்டினான். பயணியின் மனம் தளர்ந்தபோது அவனைத் தடுத்து நிறுத்தியவன் அத்தோழனே. பின்னர் இருவரும் இராமுழுதும் ஜெபித்தனர். விடியுமுன் பயணிக்கு ஒரு நினைவு வந்தது: வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்தது! அக்கோட்டையின் பூட்டுகள் அதனால் திறந்தன.

நெல்லை நாட்டில் 1827-இல் வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இக்கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 5 பருவங்களாகப் பாடி 1894-இல் வெளியிட்டார். ஆங்கிலச் சிறைவாசியின் கனவு தமிழ்ப் புலவரின் நாவில் காப்பியமாய் மலர்ந்தது, மனத்துன்பம் ஒரு நாட்டார்க்கு மட்டும் உரியதன்று என்பதனாலன்றோ?

கவலையுற்றவன் விசுவாசமில்லாதவன் என்பார்க்கு வேதாகமமே விடை பகர்கின்றது. ஒன்றுக்கும் கவலைப்படாதிருக்குமாறு பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய பவுல் அப்போஸ்தலரே, சபைகள் அனைத்தையும் குறித்த கவலை தம்மை நாள்தோறும் நெருக்குவதாகக் கொரிந்தியருக்கு எழுதினார். கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரும் வியாகுலப்பட்டார்; அவ்வேளையில் தம்மோடு விழித்திருக்கச் சீஷரையும் வேண்டினார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தாம் சாகவேண்டும் என்று கோரியபோது தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; உறங்கவிட்டான்; எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான்; மீண்டும் உறங்கவிட்டு, மீண்டும் உண்பித்தான். அதன் பின்னரே ஓரேப் மலையில் அவருக்குத் தேவனுடைய குரல் கேட்டது. சோர்ந்தவனுக்கு முதலில் உணவும் உறக்கமும் தந்த கடவுளின் பெயரால் நாம் முதலில் குற்றச்சாட்டைத் தருதல் தகுமோ?

விசுவாசம் சோம்பலை வளர்க்கும் என்பார் மலைப்பிரசங்கத்தை நன்கு நோக்கவில்லை. ஆகாயத்துப் பறவைகள் கவலையின்மைக்கு அங்கே உவமையாயின. எப்பறவையும் கூட்டிலிருந்தவாறே இரையை எதிர்பார்ப்பதில்லை. விடியுமுன் எழுந்து பறந்து தேடுகின்றது. நாளைய இரையை எண்ணி இன்றைய பறத்தலைக் கெடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவே. அங்ஙனமே இன்றைய பாடத்தை இன்று முழுமனத்தோடு படித்து, நாளைய முடிவைத் தேவனிடம் ஒப்புவித்து உறங்கச் செல்லும் மாணவன் முயற்சியைக் கைவிட்டவனல்லன். முயற்சியைப் பிளவுபடாமற் காத்தவன்.

இனி, விசுவாசம் தரும் சமாதானம் யாது? அது துன்பமில்லாத வாழ்வன்று. தேர்வில் தவறாமல் தேறுவோம் என்னும் உறுதியுமன்று. தேறினும் தேறாவிடினும் நம் மதிப்பு மதிப்பெண் பட்டியலால் அளக்கப்படுவதன்று, நம்மை அறிந்து நேசிப்பவர் ஒருவர் உளர் என்னும் தெளிவே அது. இத்தெளிவு ஒருமுறை பெற்று முடிவதன்று. அரக்கனின் அறையில் அகப்படுந்தோறும் மார்பைத் தடவித் திறவுகோலைத் தேடவேண்டும்.

அதனைத் தனியே தேடவேண்டும் என்பதுமில்லை. பயணிக்கு ஒரு தோழன் இருந்தான். நெடுநாள் உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே சுமையெனத் தோன்றும் நிலை நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. அந்நிலையில் ஆசிரியரிடமோ, போதகரிடமோ, மருத்துவரிடமோ வாய்திறந்து கூறுதல் விசுவாசக் குறைவன்று. பவுல் தம்மோடிருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றே நன்றியோடு குறித்தார் அல்லரோ?

சந்தேகக் கோட்டையினின்று தப்பிய பயணிகள் உடனே தம் வழியே போய்விடவில்லை. பின்வருவோர் அப்பாதையில் இறங்காதிருக்கும்படி அவ்விடத்தில் ஒரு தூணை நாட்டி எச்சரிக்கை பொறித்தனர். நம் கல்லூரியில் கவலையைக் கடந்துவந்த மூத்த மாணவரும் பழைய மாணவரும் பலர் உளர். அவர்கள் தாம் கடந்த வழியைத் தம்பியர்க்கும் தங்கையர்க்கும் வெட்கமின்றி எடுத்துரைப்பாராக. ஜெபக் கூட்டத்தில் வெற்றிச் சாட்சிகளுக்கு இடமளிக்கும் நாம், 'இன்னும் அஞ்சுகின்றேன்' என்று கூறும் மெல்லிய குரலுக்கும் இடமளிப்போமாக. அக்குரலைக் கேட்கப் பொறுமையுள்ள இடமே விசுவாசிகளின் கூட்டம் என்று சொல்லத் தகும்.