துருவப் பனி இழப்பும் எரிமலை வெப்பமும்

துருவப் பகுதிகளில் பனி குறைந்து வருவதற்கு எரிமலை வெப்பம் காரணமா அல்லது காலநிலை மாற்றம் காரணமா என்பது அறிவியல் செய்திகளில் அவ்வப்போது எழும் விவாதம் ஆகும். மேற்கு அண்டார்க்டிகாவின் பனிப்படலத்திற்கு அடியில் எரிமலைகள் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, பனி இழப்புக்கு அவையே காரணம் என்ற கருத்துப் பரவியது. எரிமலைகள் இருப்பது உண்மை. எனினும் அவற்றின் வெப்பம், இழக்கப்படும் பனியின் சிறு பகுதியை மட்டுமே உருக்கவல்லது என்பதை அளவீடுகள் காட்டுகின்றன.

இழப்பின் அளவு

செயற்கைக்கோள் அளவீடுகளின்படி 1992 முதல் 2017 வரை அண்டார்க்டிகா ஏறத்தாழ 2.72 இலட்சம் கோடி டன் பனியை இழந்தது. இதனால் உலகக் கடல்மட்டம் சுமார் 7.6 மில்லிமீட்டர் உயர்ந்தது. இவ்விழப்பின் பெரும்பகுதி மேற்கு அண்டார்க்டிகாவில், அமுண்ட்சென் கடலில் சேரும் பைன் தீவுப் பனியாறு, த்வைட்ஸ் பனியாறு போன்றவற்றில் நிகழ்ந்தது. மேற்கு அண்டார்க்டிகாவின் ஆண்டு இழப்பு 1990களில் சுமார் 5,300 கோடி டன்னாக இருந்து, 2012-2017 காலத்தில் சுமார் 15,900 கோடி டன்னாக உயர்ந்தது.

பனிக்கு அடியில் எரிமலைகள்

மேற்கு அண்டார்க்டிகா ஒரு பிளவுப் பள்ளத்தாக்கின் மீது அமைந்துள்ளது. இங்கு புவியோடு மெலிந்து காணப்படுகிறது. ஹட்சன் மலைப்பகுதியில் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் பனிக்கடியில் எரிமலை வெடித்ததற்கான சாம்பல் படிவை 2008இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2017இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பகுதியில் 138 எரிமலைகளைப் பட்டியலிட்டனர்; அவற்றுள் 91 முன்பு அறியப்படாதவை. ஆனால் அவை நிலவடிவத்தைக் கொண்டு இனங்காணப்பட்டவை. அவற்றுள் எத்தனை உயிர்ப்புடன் உள்ளன என்பதை அவ்வாய்வு கூறவில்லை. 2018இல், பைன் தீவுப் பனியாற்றின் முன்னுள்ள கடல்நீரில் காணப்பட்ட ஈலியம்-3 என்னும் ஓரிடத்தானைக் கொண்டு, அப்பனியாற்றின் அடியில் எரிமலை வெப்பம் வெளிப்படுவது அறியப்பட்டது.

வெப்பக் கணக்கு

உருகுநிலையில் உள்ள ஒரு கிலோகிராம் பனியை நீராக்க சுமார் 3,34,000 ஜூல் வெப்பம் தேவை. த்வைட்ஸ் பனியாற்றின் அடியில் சதுர மீட்டருக்குச் சராசரியாகக் குறைந்தது 0.114 வாட் வெப்பம் வெளிப்படுவதாக 2014இல் மதிப்பிடப்பட்டது. சில இடங்களில் இது 0.2 வாட்டை மிஞ்சுகிறது. இவ்வெப்பம் முழுவதும் உருக்குவதற்கே பயன்பட்டாலும், ஓர் ஆண்டில் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் பனியே உருகும். மாறாக, பைன் தீவுப் பனியாற்றின் மிதக்கும் பகுதியைக் கடல்நீர் சில இடங்களில் ஆண்டுக்குப் பல பத்து மீட்டர் உருக்குகிறது.

2018ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்ட எரிமலை வெப்பம் சுமார் 2,500 மெகாவாட் ஆகும். இது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 24 கோடி டன் பனியை உருக்கப் போதுமானது. அதே பனியாற்றின் மிதக்கும் பகுதியில் கடல்நீர் உருக்குவதோ ஆண்டுக்குச் சுமார் 10,000 கோடி டன். அதாவது எரிமலையின் பங்கு நானூறில் ஒன்று அளவே. மேலும், இழப்பு சில பத்தாண்டுகளில் மூன்று மடங்கானதை விளக்க, எரிமலை வெப்பமும் அதே காலத்தில் பெருமளவு கூடியிருக்க வேண்டும். அதற்குச் சான்று இல்லை.

கடல்நீரும் காலநிலையும்

தென்முனைப் பெருங்கடலின் ஆழத்தில் உள்ள, உறைநிலையைவிடச் சில பாகை வெப்பமான நீர், கடலடிப் பள்ளங்கள் வழியே பனியாறுகளின் அடியை அடைகிறது. இதன் அளவைக் காற்றோட்டம் கட்டுப்படுத்துகிறது. பசுமை இல்ல வாயுக்களின் பெருக்கம் இக்காற்றோட்டத்தை மாற்றியுள்ளதாகக் கருதப்படுகிறது. இயற்கை மாறுபாட்டுக்கும் இதில் பங்குண்டு. பைன் தீவுப் பனியாற்றின் பின்வாங்கல் 1940களில், எல் நினோ நிகழ்வுடன் தொடர்புற்றுத் தொடங்கியதைக் கடலடிப் படிவுகள் உணர்த்துகின்றன. ஆகவே மனிதச் செயற்பாட்டின் துல்லியமான பங்கு இன்றும் ஆய்வுக்குரியதாகும்.

வடதுருவம்

ஆர்க்டிக் பெருங்கடலின் கக்கெல் முகட்டில் 1999இல் எரிமலைச் செயற்பாடு நிகழ்ந்தது. ஆயினும் அது சுமார் 4 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. அதன் வெப்பம் பரந்த நீரில் கலந்துவிடுவதால், மேற்பரப்பில் மிதக்கும் பனியின் குறைவை அது விளக்காது. கிரீன்லாந்தில் உயிர்ப்புள்ள எரிமலை எதுவும் அறியப்படவில்லை. அங்கு ஏற்பட்ட இழப்பில் பாதியளவு மேற்பரப்பு உருகல் மிகுந்ததால் உண்டானது.

எரிமலைகளின் முக்கியத்துவம்

உள்வெப்பத்தால் பனியாற்றின் அடியில் உருவாகும் நீர், பனி பாறைமீது வழுக்கிச் செல்ல உதவுகிறது. ஆதலால் எதிர்காலக் கணிப்புகளில் இது சேர்க்கப்பட வேண்டியதாகும். இதற்கு எதிர்த்திசைத் தொடர்பும் உண்டு. பனியின் எடை குறையும்போது அடியிலுள்ள பாறைக்குழம்பின் மீதான அழுத்தம் தளர்கிறது. கடைசிப் பனியுகத்தின் முடிவில் ஐசுலாந்தில் எரிமலை வெடிப்புகள் பெருகியமைக்கு இதுவே காரணம் எனக் கருதப்படுகிறது.

த்வைட்ஸ் பனியாறு முழுவதும் உருகினால் கடல்மட்டம் அரை மீட்டருக்கும் மேல் உயரும். எரிமலை வெப்பத்தை மனிதரால் கட்டுப்படுத்த இயலாது. பசுமை இல்ல வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைக்க இயலும். இக்காரணத்தாலேயே இவ்விரண்டின் பங்கையும் பிரித்தறிவது கடலோர நாடுகளின் திட்டமிடலுக்கு இன்றியமையாததாகிறது.