கணினியின் நேர்மையும் கல்லின் கோணலும்

உதவி புரிவோர் இருதிறத்தினர். வேண்டியபொழுது வந்து உதவுவோர் ஒருதிறத்தினர்; வேண்டாதபொழுதும் நம் கையைப் பற்றித் தாம் கருதிய இடத்திற்கு இழுத்துச் செல்வோர் மற்றொரு திறத்தினர். முப்பரிமாண உருவங்களை ஆக்கும் மென்பொருள்களில் ‘ஸ்நாப்’ என வழங்கும் ஈர்ப்பு வசதி பல வேளைகளில் இவ்விரண்டாந் திறத்தைச் சார்ந்ததாகவே நமக்குத் தோன்றுகின்றது. ஒரு புள்ளியை நாம் நகர்த்துங்கால், அண்மையிலுள்ள மூலையிலோ விளிம்பிலோ கட்டக்கோட்டிலோ அது தானே சென்று ஒட்டிக்கொள்வதே இவ்வசதியாகும்.

இதன் பயனை நாம் மறுப்போமல்லேம். மனிதர் கை நடுங்குவது இயல்பு. கண்ணுக்குக் கூடியனபோற் காணப்படும் இரு கோடுகளிடையே மயிரிழை இடைவெளி இருப்பினும், அவ்வுருவம் மூடிய திண்பொருளாகாது. இக்குறை நீக்கவே, 1963ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்பார் ஆக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் முதனூல் அனைய மென்பொருளிலேயே, ஒளிப்பேனா ஒரு புள்ளியை அணுகியவுடன் அப்புள்ளியையே பற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. 1986இல் எரிக் பியர், மோரீன் ஸ்டோன் என்னும் இருவர் இம்முறையை மேலும் விரித்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். கதவுநிலைக்கும் பற்சக்கரத்திற்கும் இது பெருந்துணையே.

ஆயின், உலகிலுள்ள பொருளெல்லாம் கதவுநிலை அல்ல. நமது தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் உயிர் துறந்த வீரர்க்கு எடுத்த அக்கற்களுட் பல, பல்லவ மன்னர் ஆட்சியாண்டுகளை வட்டெழுத்திற் கொண்டு நிற்கின்றன. அக்கற்களில் நேர்கோடு அரிது. செங்கோணம் அதனினும் அரிது. வட்டெழுத்தோ, பெயருக்கேற்ப வளைவுகளால் ஆயது. இத்தகைய கல்லொன்றை அளந்து கணினியில் உருவாக்கப் புகும் மாணவர் படும் இடர் சிறிதன்று.

முதலாவது, திரை தட்டையானது, பொருளோ ஆழமுடையது. ஊடுருவிக் காட்டும் தோற்றத்தில் வரையும்பொழுது, கல்லின் முகத்திலுள்ள புள்ளி, திரையில் அதனருகே தோன்றும் முதுகுப்புறப் புள்ளியிற் சென்று ஒட்டிவிடும். முன்னிருந்து நோக்கின் யாதொரு பிழையும் தெரியாது. உருவைத் திருப்பிய பின்னரே கல் குத்துண்டு கிடத்தல் புலனாகும். இரண்டாவது, சிறிதே சாய்ந்த விளிம்பு கட்டக்கோட்டின்மேல் ஏறி நேராகிவிடும். மூன்றாவதும் கொடியதுமானது, இவையெல்லாம் ஓசையின்றி நிகழ்தலாம். பார்ப்போர்க்குத் திருந்திய வடிவம் அழகாகவே தோன்றும். அழகாயிருத்தலின் எவரும் ஐயுறார். மழையாலும் வெயிலாலும் மூலக்கல் தேய்ந்த பின்னர், அப்பொய்வடிவமே சான்றாக நின்றுவிடுமன்றோ?

ஈர்ப்பை அறவே ஒழித்தல் வேண்டுமென்பது நமது கொள்கையன்று. பிளெண்டர் என்னும் மென்பொருளில் காந்தக் குறியொன்றால் இதனை இயக்கவும் நிறுத்தவும் இயலும். கண்ட்ரோல் விசையை அழுத்தியிருக்குமளவும் அந்நிலையை மாற்றிக்கொள்ளவும் இயலும். இதுவே நன்னெறி. இதனோடு, புள்ளி எதனிற் சென்று ஒட்டியது, எவ்வளவு தொலைவு நகர்ந்தது என்பவற்றை ஒவ்வொரு மென்பொருளும் வெளிப்படக் கூறுதல் வேண்டும். வரைவோரும், அளந்து அறிந்ததை வரையுங்கால் ஈர்ப்பை நிறுத்தியும், தாமே புதிதாக வகுப்பதை வரையுங்கால் இயக்கியும் பழகுதல் வேண்டும். ஒருமுறையேனும் உருவைச் சுழற்றிப் பாராமல் வேலையை முடித்தல் ஆகாது.

நடுகல் அமைக்கும் முறையைக் கூறும் தொல்காப்பியர், ‘காட்சி’ என்பதனை முதற்கண் வைத்து, ‘நடுதல்’ என்பதனைப் பின்னர் வைத்தார். கல்லைக் கண்ட பின்னரே நடுதல் முறை. கணினித் திரையில் கல் நடப் புகுவார்க்கும் இம்முறை பொருந்துவதேயாம். கல் கோணியிருப்பின் கோணியபடியே அதனை வரைந்து வைப்போமாக. அக்கோணலும் அதனைச் செதுக்கிய கையின் சுவடே.