திருத்திய மதிப்பீடு

முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போகும்போதெல்லாம் மஞ்சள்நீர்க் கால்வாயைப் பார்த்து வயிறு எரிகிறது. மழைநீர் ஓடவேண்டிய கால்வாய், ஊர்ச் சாக்கடையைச் சுமந்து நத்தப்பேட்டை ஏரியில் கொட்டுகிறது. 2021-ல் நகராட்சி மாநகராட்சியானது, நாற்றம் போகவில்லை.

கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குச் செலவழிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வேலையை இழுத்தடித்துவிட்டு, 'திருத்திய மதிப்பீடு' என்று கூடுதல் தொகை கேட்டு வந்தால், 'விலைவாசி உயர்வு' என்ற ஒற்றை வரிக்கு ஒப்புதல் தரக் கூடாது. அந்த வரியைப் பல கோப்புகளில் எழுதிய குமாஸ்தா நான். தாமதம் யாரால் என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், விடை சரியாக இருந்தாலும் வாத்தியார் 'புர்க்குவா?' என்பார். 'ஏன்?' என்று அர்த்தம். கவுன்சிலர்களே, கை தூக்குமுன் அதைக் கேளுங்கள். பதிலைத் தமிழில் எழுதி, வேலை நடக்கும் இடத்தில் பலகை வைக்கச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.